குட்டிச்சாத்தான் கட்டு

பல் மருத்துவர்களுக்குப் பொய்ப்பல் செய்துகொடுக்கும் கூடம் ஒன்றில் அவள் பதினோரு வருடமாக வேலை பார்த்தாள். கணவன் லிஃப்ட் மெக்கானிக். இருவருக்கும் பொதுவாக இருந்த ஒரே பைத்தியம் சீட்டு. ராஜா ராணி சீட்டு அல்ல. வீரன், பூதம், மந்திரம் என்று படம் போட்ட அட்டைகளைப் பொட்டலம் பொட்டலமாக வாங்கிச் சேர்த்து, அதிலிருந்து அறுபதைப் பொறுக்கித் தனக்கென ஒரு கட்டு அமைத்து, எதிரே உட்கார்ந்திருப்பவரின் இருபது உயிரையும் பூஜ்யமாக்க வேண்டும். அதுதான் ஆட்டம்.

கணவனின் கட்டு முழுக்கக் கேடயக்காரர்களும் பொறிகளும். அவசரமே படமாட்டான். எதிராளி தானே சோர்ந்து தப்பு செய்யும்வரை காத்திருப்பான். அப்படிப்பட்டவன் மண்டலப் போட்டிக்குப் போகும் வாய்ப்பை மூன்று வருடமாக ஒரே ஒரு ஆட்டத்தில் கோட்டை விட்டுக்கொண்டிருந்தான்.

அவள் அதுவரை அவன் அமைத்துக் கொடுத்த கட்டை வைத்துத்தான் ஆடினாள். இந்த வருடம், அலமாரியின் அடித்தட்டில் அவன் கழித்துப் போட்டிருந்த அட்டைகளைக் கிளறியபோது கோப்ளின்கள் கிடைத்தன. அட்டையில் அப்படித்தான் அச்சிட்டிருக்கும். சீட்டுக் கடையில் எல்லோரும் குட்டிச்சாத்தான் என்பார்கள். பச்சைத் தோல், கோணல் பல், கையில் துருப்பிடித்த கத்தி. தனியாக நின்று சண்டை போட ஒன்றுக்கும் துப்பு கிடையாது.

"இதுங்களை வெச்சு என்ன பண்ணப்போற? கொசு அடிக்கக்கூட ஆகாது" என்றான் கணவன்.

"பத்து கொசு சேர்ந்து வந்தா நீங்க தூங்கிடுவீங்களா?"

மதிய இடைவேளையில் கூடத்து மேசையில் பல் அச்சுகளையும் மெழுகுக் கத்தியையும் ஒதுக்கிவிட்டு அட்டைகளைப் பரப்புவாள். முதல் தடவை ஆசைப்பட்டுப் பெரிய பெரிய குட்டிச்சாத்தான்களாக நிரப்பினாள். எந்த அட்டையை இறக்கவும் மேசையில் அதற்குத் தேவையான நில அட்டைகள் சேர்ந்திருக்க வேண்டும். சாயங்காலம் வீட்டில் கணவனின் தம்பியோடு ஆடிப் பார்ப்பாள்; பெரியவற்றுக்கு ஆறு நிலம் சேர்வதற்குள் அந்தக் கொழுந்தன் அவளை ஒருவழி பண்ணிவிடுவான். அவனிடம் தொடர்ந்து ஏழு ஆட்டம் தோற்றாள். எட்டாவதுக்கு முன் பெரியதையெல்லாம் தூக்கி எறிந்தாள். ஒரு நிலம், இரண்டு நிலத்துக்கு ஓடி வருகிற பொடிசுகளை மட்டும் வைத்துக்கொண்டாள். கடைசியில் கட்டுக்கு முதுகெலும்பாக நின்றவை இரண்டு. ஒன்று தலைவன்: அவன் மேசையில் இருந்தால் மற்றக் குட்டிச்சாத்தான்களின் அடி ஒவ்வொன்றும் ஒன்றிலிருந்து மூன்றாகும். இன்னொன்று வெடிகாரன்: அவன் இருக்கும்போது அவள் பக்கம் சாகிற ஒவ்வொரு குட்டிச்சாத்தானும் எதிராளியின் ஓர் உயிரைக் கொண்டுபோகும்.

தகுதிப் போட்டி ஞாயிற்றுக்கிழமை, கடையின் மாடியில். முப்பத்திரண்டு பேர். கடைக்கார அம்மாவே நடுவர். ஜெயிக்கிற ஒருவருக்குத்தான் மண்டலப் போட்டியில் இடம். குட்டிச்சாத்தான்களைப் பார்த்துச் சிரித்த மூன்று பேரை அவள் வரிசையாக வீட்டுக்கு அனுப்பினாள். அரையிறுதிப் பட்டியலைச் சுவரில் ஒட்டினார்கள். அவள் பெயருக்கு எதிரே கணவனின் பெயர்.

கை கழுவுமிடத்துக்குக் கொழுந்தன் பின்னாலேயே வந்தான். அவன் முதல் சுற்றிலேயே தோற்றுவிட்டிருந்தான்.

"அண்ணி, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கக் கூடாது."

"சொல்லு."

"நீங்க விட்டுக்கொடுத்துட்டா அண்ணன் நேரா ஃபைனல் போயிடுவாரு. ரூல்ல அதுக்கு இடம் இருக்கு. மூணு வருஷமா அவரு படுற பாடு உங்களுக்குத் தெரியாததா?"

குழாயை மூடினாள். "உங்க அண்ணன் சொல்லி அனுப்பினாரா?"

அவன் பதில் சொல்ல ஒரு கணம் எடுத்துக்கொண்டான். "அதெல்லாம் எதுக்கு அண்ணி? யார் சொன்னா என்ன?"

அந்த ஒரு கணம் அவளுக்குப் போதுமாக இருந்தது. நேரே கேட்கத் தைரியமில்லாமல் தம்பியை விட்டுக் கேட்கிறான் என்று நினைத்தாள். பட்டியலைப் பார்த்தபோது, விட்டுக்கொடுக்கலாமா என்று அவளுக்கே ஓர் எண்ணம் வந்திருந்தது. இப்போது அது போன இடம் தெரியவில்லை.

மேசையில் உட்கார்ந்தபோது கணவன் வழக்கம்போல, "தண்ணி குடிச்சியா?" என்றான். அவள் கட்டைக் கலைத்தாள்.

மூன்றில் இரண்டு ஆட்டம் ஜெயிக்க வேண்டும். மொத்தம் ஐம்பது நிமிடம். முதலாவதில் அவனுடைய கேடயக்காரர்கள் எழுந்து நிற்பதற்குள் அவள் முடித்துவிட்டாள். இரண்டாவதில் அவன் இஞ்ச் இஞ்சாக அவளை நெருக்கி, அரை மணி நேரம் தின்று ஜெயித்தான். மூன்றாவது ஆட்டம் நடுவில் இருக்கும்போதே கடைக்கார அம்மா மணியடித்தாள்.

"நேரம் முடிஞ்சுது. இதுதான் கடைசிக் கை. முடிவு வரலைன்னா யாருக்கு உயிர் அதிகமோ அவங்க ஜெயிச்சாங்க."

கடைசிக் கை அவளுடையது. அவளுக்கு ஓர் உயிர், அவனுக்கு மூன்று. அவள் பக்கம் மூன்று குட்டிச்சாத்தான்கள். அவன் பக்கம் இரண்டு கேடயக்காரர்கள், தடுப்பார்கள், அடிக்கமாட்டார்கள். மூன்று பேரையும் ஏவினால் ஒருவன்தான் உள்ளே நுழைவான்.

அப்புறம் அந்த அட்டை. போன கையில் அவன் கவிழ்த்து வைத்தது. அது பொறியாக இருந்தால், அவள் ஏவியதும் தானாகவே திறந்துகொண்டு, ஏவியவர்கள் அத்தனை பேரையும் விழுங்கும். வைத்தவன் நினைத்தாலும் நிறுத்த முடியாது. ஆனால் பயமுறுத்துவதற்காக ஒன்றுமில்லாத அட்டையையும் கவிழ்த்து வைக்கலாம்.

அவள் கையில் இருந்தது இரண்டு சீட்டு. தலைவன், வெடிகாரன். ஒருவனை இறக்கத்தான் நிலம் இருந்தது.

அது வெற்று அட்டை என்றால் தலைவனை இறக்க வேண்டும். நுழைகிற ஒருவனின் மூன்று அடியில் கதை முடிந்துவிடும். அது பொறி என்றால் தலைவன் வீண். வெடிகாரன்தான் வேண்டும், மூன்று பேரும் செத்து மூன்று உயிரையும் கொண்டுபோவார்கள். மாற்றி இறக்கினால் தோல்வி.

"ரெண்டு நிமிஷம் தர்றேன்" என்றாள் கடைக்கார அம்மா. சுற்றிலும் ஆட்கள் கூடிவிட்டார்கள். யாரோ நாற்காலியை இழுத்த சத்தம் அவள் பல்லைக் கூச வைத்தது.

ஒன்பது வருடக் கல்யாணத்தில் அவன் சீட்டில் பொய் காட்டி அவள் பார்த்ததில்லை. ஆனால் அது பழைய கணக்கு. பெண்டாட்டியிடம் தம்பியைத் தூது அனுப்புகிறவன் பயந்துபோனவன். பயந்துபோனவன் வெற்று அட்டையைக் கவிழ்த்து வைப்பான். தலைவனை இரண்டு விரலால் பிடித்தாள்.

அப்படியே நிறுத்தினாள்.

"தம்பியை நீங்கதானே அனுப்புனீங்க?"

"எதுக்கு?"

"நான் விட்டுக்கொடுக்கணும்னு கேக்க."

அவன் முகம் ஒன்றும் புரியாமல் அவளைப் பார்த்தது. பிறகு மெதுவாகத் திரும்பி, கூட்டத்தில் தம்பியைத் தேடியது. தம்பி மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"டேய்" என்றான் கணவன். அந்த ஒரு சொல்லில் காதுவரை சிவந்துபோனான்.

"பேச்சு வேண்டாம். அரை நிமிஷம்" என்றாள் கடைக்கார அம்மா.

அவளுக்கு வெட்கமும் ஆறுதலும் ஒன்றாக வந்தன. யோசிக்க நேரமில்லை. அனுப்பவில்லை. அப்படியென்றால் பயப்படவில்லை. அப்படியென்றால் இவன் அவளுக்குத் தெரிந்த அதே ஆள்தான்.

தலைவனை விட்டுவிட்டு வெடிகாரனை இறக்கினாள். "மூணு பேரும் அடிக்கிறாங்க."

கணவன் வெடிகாரனையே பார்த்தான். கவிழ்ந்திருந்த அட்டையின் மேல் விரல் வைத்து, ஒரு மூச்சு இழுத்துவிட்டுத் திருப்பினான்.

பொறி.

மூன்று குட்டிச்சாத்தான்களை அவள் ஒவ்வொன்றாக எடுத்து ஓரம் வைத்தாள். அவன் தன் உயிர் எழுதிய தாளில் மூன்றை அடித்துப் பூஜ்யம் போட்டான். கூட்டம் கத்தியது. அவன் அட்டைகளை அடுக்கிப் பெட்டியில் போட்டு, அவள் கையைக் குலுக்கிவிட்டுப் படியிறங்கிப் போனான்.

இறுதி ஆட்டத்துக்குக் கால் மணி நேரம் இருந்தது. அவள் கீழே போனாள். கடைக்குப் பக்கத்துச் சந்தில், நிறுத்தியிருந்த வண்டிகளுக்கு நடுவே நின்றிருந்தான்.

"நீ கேக்காம இருந்திருந்தா எதை இறக்கியிருப்ப?"

"தலைவனை."

"அப்ப என்னைத் தோக்கடிச்சது என் கூடப்பிறந்தவன்தான்." சிரிக்க முயன்றான், வரவில்லை. "நான் அனுப்பியிருப்பேன்னு நெஜமாவே நம்புனியா?"

பொய் சொல்லத் தோன்றவில்லை. "ஒரு மணி நேரம் நம்பினேன்."

அவன் தலையாட்டினான். தோற்றதைவிட அது அவனுக்கு அதிகம் வலித்தது என்று தெரிந்தது. அவள் அவன் முழங்கையைப் பிடித்தாள். உதறவில்லை, ஆனால் பக்கத்திலும் வரவில்லை.

"நேரமாச்சு, போ" என்றான். "எதிர்ல இருக்கறவன் நெருப்புக் கட்டு. முதல் கையிலேயே எல்லாத்தையும் இறக்கிடாத, மொத்தமா எரிச்சிடுவான். பாதியைக் கையிலேயே வெச்சிரு."

அவன் சொன்னபடியே ஆடினாள். அப்படியும் ஒரு ஆட்டம்தான் ஜெயிக்க முடிந்தது, இரண்டில் எரிந்துபோனாள். மண்டலப் போட்டிக்கு இருவரில் ஒருவரும் போகவில்லை.

திரும்பும் பஸ்ஸில் கொழுந்தன் மூன்று வரிசை தள்ளிப் பின்னால் உட்கார்ந்தான். கணவன் ஜன்னலைப் பார்த்தபடி வந்தான். நாலு நிறுத்தம் தாண்டியதும், திரும்பாமலே கையை நீட்டினான்.

"கட்டைக் குடு, பாக்கலாம்."

கொடுத்தாள். மடியில் வைத்து ஒவ்வோர் அட்டையாகப் புரட்டத் தொடங்கினான்.

"நிலம் இருபதா? பத்தொன்பதே போதுமே" என்றான்.

"பத்தொன்பது வெச்சுப் பாத்தேன். திணறுது" என்றாள்.

"எத்தனை ஆட்டம் பாத்த?"

"பன்னிரண்டு."

"பன்னிரண்டெல்லாம் ஒரு கணக்கா?" என்று அவன் முதல் தடவையாகத் திரும்பினான். இறங்கும் இடம் வரும்வரை அதைப் பற்றியே சண்டை போட்டுக்கொண்டு போனார்கள்.