இலோனாவின் ஒறுத்தல்

தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன் மாலைப் பூசையில் பங்குத்தந்தை இலோனாவின் உச்சந்தலையில் ஒரு சிட்டிகைச் சாம்பலைத் தூவினார். கோயில் படியிறங்கும்போதே லூத்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். இருவரும் சனோக் நகரத்துத் திரைச்சீலைக் கடை ஒன்றில் எதிரெதிர் மேஜைகளில் துணி வெட்டுகிறவர்கள்.

"சரி, இந்தத் தவக்காலத்துக்கு ஒறுத்தலா நீ எதை விடப் போற?"

"சாக்லேட்."

"அடிப்பாவி! நீ சாக்லேட் தின்னு நான் பார்த்ததே இல்லையே. நான் ஒட்டகக் கறிய விட்டுட்டேன்னு சொல்ற மாதிரி இருக்கு."

"அப்போ நீ என்ன விடப் போற?"

"சிகரெட். நான் செத்தாலும் சரி, சிகரெட். நீ அந்தப் பெட்டிய விடு."

எந்தப் பெட்டி என்று இலோனா கேட்கவில்லை. பேருந்து நிலையத்துக்குப் பின்னால் வியோலெட்டா நடத்தும், தோலைப் பழுப்பாக்கும் சோலாரியத்தில் சவப்பெட்டி போல மூடித் திறக்கும் படுக்கைகள் மூன்று இருந்தன. துணியெல்லாம் களைந்துவிட்டு உள்ளே படுத்து மூடியை இழுத்துக்கொண்டால், மேலும் கீழும் ஊதா விளக்குகள் எரியும். வெளியே பனி பெய்துகொண்டிருக்க, உள்ளே படுத்தவள் கோடை வெயிலில் கிடந்தவளைப் போலச் சிவந்து, பிறகு பழுப்பேறி எழுந்து வருவாள். தங்கையின் கல்யாணத்துக்கென்று முதல் தடவை போனவள் இலோனா. கல்யாணம் முடிந்து தங்கைக்குப் பிள்ளைகள் பிறந்து பள்ளிக்கும் போகிறார்கள். இலோனா இன்னும் போய்க்கொண்டிருந்தாள். வாரத்துக்கு ஒன்று இரண்டாகி, குளிர் மாதங்களில் நான்கும் ஆனது. கடையில் அவளுக்குப் பட்டப்பெயரே 'வறுத்த கொழுப்பு'. ஜெர்மனிக்கு லாரி ஓட்டும் கணவன் மரேக், வீட்டுக்கு வரும்போதெல்லாம், "இருட்டுல உன் பல்லத் தேடித்தான் உன்னக் கண்டுபிடிக்கணும்" என்பான்.

அவர்கள் சிரித்துவிட்டுப் போகட்டும். அந்தப் பெட்டிக்குள் யாரும் அவளை எதுவும் கேட்பதில்லை, சூடு மட்டும் மேலெல்லாம் தடவிக்கொடுக்கும். அதை யாரிடம் சொல்ல முடியும்?

"என்ன, பயமா?" என்றாள் லூத்கா.

"பயம் என்ன? விட்டுட்டேன், போ."

முதல் வாரம் வீம்பிலேயே ஓடியது. இரண்டாம் வாரத்தில் இலோனாவுக்குத் தோலுக்கு அடியில் எறும்பு ஊர்வது போலிருந்தது. உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றியது, எழுந்தால் எங்கே போவது என்று தெரியவில்லை. தலை வலித்தது. வீட்டில் அடுப்புக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு அதன் முன்னால் நின்றாள். கடையில் வெந்நீர்க் குழாய் ஓடும் சுவரில் முதுகைத் தேய்த்துக்கொண்டே நின்றாள். ஒரு டாக்டரம்மாவின் ஜன்னல் துணியை ஒரு சாண் குறைத்து வெட்டிவிட்டு, அளவு கொடுத்தவள்மேலேயே எரிந்து விழுந்தாள்.

லூத்காவின் நிலைமையும் அதுதான். நாள் முழுக்கச் சூரியகாந்தி விதை கொறித்துத் தள்ளினாள்.

"அந்த விதைய மெல்லுற சத்தத்த நிறுத்துறியா இல்லையா?"

"நீ சுவத்துல எருமை மாதிரி உரசுறத நிறுத்து, நான் நிறுத்துறேன்."

முதலாளி இருவரையும் பார்த்துவிட்டு, தவக்காலம் முடிந்து பாஸ்கா வரும்வரை தன் அறைக் கதவைச் சாத்திக்கொள்வதே நல்லது என்று முடிவு செய்துவிட்டார்.

அதைவிடப் பெரிய வேதனை கண்ணாடி. தேன் நிறம் நாளுக்கு நாள் கழன்றுகொண்டிருந்தது. கழுத்தோரம் திட்டுத் திட்டாக வெளுத்தது. காலையில் முகம் கழுவும்போது சுண்ணாம்புச் சுவர் போன்ற ஒரு நடுவயதுக்காரி எதிரே நின்று முறைத்தாள். 'இவள் யார்? இவளையா மரேக் கட்டிக்கொண்டான்?' வேலை முடிந்து வீட்டுக்குப் போகும் வழியை மாற்றிக்கொண்டாள். மாற்றிய வழியும் எப்படியோ பேருந்து நிலையத்துக்கே வந்து சேர்ந்தது. வியோலெட்டாவின் ஜன்னலில் ஊதா வெளிச்சம் கசியும். இலோனா எதிர்ப்பக்க நடைபாதையில் கொஞ்சம் நின்றுவிட்டு, யாரோ துரத்துவது போல ஓடிவிடுவாள்.

தவக்காலத்தின் நான்காம் ஞாயிறு வந்தது. பங்குத்தந்தை ரோஜா நிற அங்கி அணியும் மகிழ்ச்சி ஞாயிறு. பூசை நேரம் முழுக்க இலோனா ஜெபிக்கவில்லை, ஆண்டவரோடு வழக்காடிக்கொண்டிருந்தாள். பூசை முடிந்ததும் வாசலில் அவரைப் பிடித்துக்கொண்டாள்.

"ஃபாதர், ஒரு சந்தேகம். ஞாயித்துக்கிழமையும் ஒறுத்தல்ல சேருமா?"

அவருக்குப் பின்னால் ஞானஸ்நானத்துக்கு வந்த குழந்தை அலறிக்கொண்டிருந்தது. அவர் சிரித்தார். "ஞாயிறு ஆண்டவர் உயிர்த்த நாளும்மா. கேக்தானே? சாப்பிடு, சாப்பிடு. எனக்கும் ஒரு துண்டு குடுத்தனுப்பு."

கேக் இல்லை என்று அவள் சொல்லவில்லை. நன்றி சொல்லிவிட்டு, மேல்கோட்டுப் பொத்தானைக்கூடப் போடாமல் நடந்தாள். கொஞ்ச தூரம் போனதும் நடை ஓட்டமானது.

வியோலெட்டா அவளைக் கண்டதும் புருவத்தை உயர்த்தினாள். "லூத்கா விதை வாங்குற கடையில எல்லாம் உன் சபதத்தப் பத்தித்தான் பேச்சு. என்ன, பாஸ்கா முன்னாடியே வந்துருச்சா?"

"ஞாயித்துக்கிழமை சேராது. ஃபாதரே சொல்லிட்டாரு."

"ஃபாதர் சோலாரியத்துக்குப் போகச் சொன்னாரா?"

"நீ கேள்வி கேக்கவா கடை வெச்சிருக்க? மெஷினப் போடு."

வழக்கம்போல இலோனா உடைகளைக் களைந்துவிட்டுத் திரும்பி நின்றாள். முதுகு தனக்கு எட்டாது என்று எப்போதோ சொன்னதிலிருந்து வியோலெட்டாதான் அங்கே க்ரீம் தடவிவிடுவாள். அதற்கென்று அவள் எதுவும் வாங்கியதில்லை. குளிர்ந்த கை தோளில் பட்டது, இறங்கியது, நின்றது.

"என்ன?" என்றாள் இலோனா.

வியோலெட்டா மேஜைக்குப் போய்ப் படிக்கும் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு வந்தாள். தோள்பட்டைக்குக் கீழே மறுபடி விரல் வைத்தாள்.

"இது எப்பலேருந்து இருக்கு?"

"மச்சமா? பொறந்ததுலேருந்து. மெஷினப் போடு வியோலெட்டா, எனக்குக் குளிருது."

"இவ்வளவு நாள் உன் முதுகு மொத்தமும் ஒரே கறுப்பு. எனக்கு எதுவும் தனியாத் தெரிஞ்சதில்ல. இப்போ எல்லாம் வெளுத்துருச்சு, இது மட்டும் வெளுக்கல." அவள் குரல் தாழ்ந்தது. "ஓரம் பிஞ்சு போன மாதிரி இருக்கு, இலோனா. ஒரு பக்கம் கறுப்பு, ஒரு பக்கம் நீலம்."

"நீ என்ன டாக்டரா?"

"இல்ல. அதனாலதான் மெஷினப் போட மாட்டேன்."

இலோனா திரும்பினாள். நாலு வாரமாகத் தோலுக்கு அடியில் ஊர்ந்ததெல்லாம் ஒரே நேரத்தில் வாய்க்கு வந்தது. "இத்தனை வருஷமா என்னை வறுத்தவ யாரு? 'இது பத்திரம், வெயிலவிட நல்லது, உடம்புக்கு வைட்டமின்'னு சொன்னது யாரு? இன்னிக்கு ஒரு நாள் நானே கேட்டு வர்றேன், ஒழுக்கம் பேசுறியா? கீழத் தெருவுலயும் ஒரு சோலாரியம் இருக்கு, தெரியுமில்ல!"

"இருக்கு. அவ முதுகு பாக்க மாட்டா." வியோலெட்டாவின் கண்கள் நிறைந்துவிட்டன. "நான்தான் சொன்னேன். எனக்கு மெஷின வித்தவன் சொன்னதத் திருப்பிச் சொன்னேன். திட்டு, நல்லாத் திட்டு. ஆனா முதல்ல சட்டையப் போட்டுக்க."

அவள் கைபேசியில் முதுகைப் படமெடுத்துக் காட்டினாள். இலோனா ஒரே ஒரு முறை பார்த்தாள். பிறகு சட்டையைப் போட முயன்றாள். கை துணியின் துளையைத் தேடித் தேடித் தவறியது. வியோலெட்டா கையைப் பிடித்து உள்ளே நுழைத்துவிட்டாள், சின்னக் குழந்தைக்குப் போடுவதைப் போல.

மறுநாள் சோலாரியத்தின் கதவில் 'இன்று விடுமுறை' என்று எழுதித் தொங்கியது. வியோலெட்டா தன் பழைய காரில் அவளைப் பெரிய நகரத்துத் தோல் மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போனாள். வழியெல்லாம் இலோனா ஜன்னலை ஏற்றுவதும் இறக்குவதுமாக இருந்தாள். மருத்துவர் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தார், ரொம்ப நேரம். சோலாரியம் உண்டா என்று கேட்டார். எத்தனை வருஷம் என்றும் கேட்டார். வெளியே நாற்காலியில் காத்திருந்த வியோலெட்டாவுக்கு அந்தக் கேள்விகள் கதவு வழியே கேட்டன. அவள் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த வாரமே அதை வெட்டியெடுத்தார்கள். பிறகு முடிவுக்காகக் காத்திருந்த நாட்கள்! இலோனா இரவில் சமையலறைக்கும் ஜன்னலுக்குமாக நடந்தாள். லாரியை எங்கோ ஓரங்கட்டிவிட்டு மரேக் தொலைபேசியில் கூடவே விழித்திருந்தான். பல் ஜோக் எதுவும் சொல்லவில்லை. கடையில் லூத்கா விதை மெல்லுவதையே விட்டுவிட்டாள். "சிகரெட்டும் இல்ல, விதையும் இல்ல, இனிமே உன் மூஞ்சியத்தான் மெல்லணும்" என்று சொல்லிவிட்டு, இலோனாவின் பங்குத் துணியையும் தானே வெட்டினாள்.

புனித வாரத்தில் முடிவு வந்தது. தோல் புற்றுநோய்தான். ஆனால் மேல்தோலில்தான் இருந்தது, இன்னும் கீழே இறங்கவில்லை. இன்னொரு கோடை தாண்டியிருந்தால் வேறு மாதிரிப் பேச வேண்டியிருந்திருக்கும் என்றார் மருத்துவர். ஆயுள் முழுக்கப் பரிசோதனைக்கு வர வேண்டும், அந்தப் படுக்கையில் இனி ஒரு நாளும் படுக்கக் கூடாது.

"ஞாயித்துக்கிழமையும் சேர்த்துத்தான்" என்றாள் லூத்கா, விஷயத்தைக் கேட்டுவிட்டு. பிறகு மூக்கைச் சிந்தினாள். "ஆண்டவர ஏமாத்தப் போனவளப் பிடிச்சு, கையோட டாக்டர்கிட்ட அனுப்பியிருக்காரு பாரு."

புனித சனிக்கிழமை. முட்டை, ரொட்டி, உப்பு வைத்த கூடைகளை மந்திரிக்கக் கோயில் முற்றத்தில் வரிசையாக நின்றார்கள். அந்த வருஷத்தின் முதல் நல்ல வெயில். எல்லோரும் தொப்பியைக் கழற்றிவிட்டு முகத்தை நிமிர்த்திக் கண்மூடி நின்றார்கள்.

"என்ன இலோனா, உடம்பு சரியில்லையா? இப்படி வெளுத்துட்டியே!" என்றாள் முன்னால் நின்ற தபால்காரம்மா.

"இதுதான் என் நிறம். நானே இப்பத்தான் பாக்குறேன்."

சொல்லிவிட்டாளே தவிர, வெயில் கன்னத்தில் பட்டதும் உடம்பு மொத்தமும் அதை நோக்கிச் சாய்ந்தது. தையல் போட்ட இடம் அரித்தது. விரல்கள் கூடைப் பிடியைத் திருகிக்கொண்டே இருந்தன. ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம்...

பின்னால் நின்ற வியோலெட்டா அவள் விரல்களைப் பார்த்தாள். "உனக்கப்புறம் யார் வந்தாலும் கண்ணாடி போட்டுக்கிட்டுத்தான் க்ரீம் தடவுறேன்" என்றாள் மெதுவாக. "ஒருத்திய நேத்துத் திருப்பி அனுப்பிட்டேன். கன்னாபின்னான்னு திட்டினா. உன் அளவுக்கு இல்ல."

இலோனாவுக்குச் சிரிப்பு வந்தது. வியோலெட்டா நெட்டையான பெண். அவள் தன் கூடையை மறு கைக்கு மாற்றிக்கொண்டு, இலோனாவைச் சுற்றி வந்து வெயில் அடிக்கும் பக்கமாக நின்றாள். அவள் நிழல் இலோனாவின் முகத்தில் விழுந்தது. பங்குத்தந்தை தீர்த்தம் தெளித்துக்கொண்டே வரிசையில் வந்தார். இலோனாவின் முன் வந்ததும் நின்று, கூடையை எட்டிப் பார்த்தார்.

"எங்கம்மா எனக்குக் கேக்?"