அந்தப் பக்கம் பார்க்காதவன்

மீன் கொட்டகையில் பெட்டி அடுக்குகிறவனின் இடது கண், மூக்கைத் தாண்டி வலது கண்ணுக்குப் பக்கத்தில் வந்து சேர நாற்பத்தொரு நாள் ஆனது. கண் மருத்துவர் வாரம் ஒருமுறை அளவுகோல் வைத்து அளந்தார். பார்வையில் கோளாறு இல்லை, இடம்தான் மாறியிருக்கிறது என்று சொல்லி அனுப்பினார். கண்ணாடிக் கடைக்காரர் இரண்டு வில்லைகளையும் ஒரே பக்கத்தில் பொருத்திக் கொடுத்தார்.

கொட்டகைக்காரர்களுக்கு இது புதிதல்ல. அங்கே வந்து இறங்குவதில் பாதி நாக்கு மீன். குஞ்சாக இருக்கும்போது அதுவும் பக்கத்துக்கு ஒரு கண்ணோடு நிமிர்ந்துதான் நீந்தும். சில வாரங்களில் ஒரு கண் தலையைச் சுற்றி மறுபக்கம் போய்விடும். அப்புறம் ஆயுள் முழுக்கக் கடலடி மணலில் ஒருக்களித்துப் படுத்த படுக்கைதான். மேல்பக்கம் மணலின் நிறத்தை வாங்கிக்கொள்ளும், கீழ்ப்பக்கம் வெளுத்துக் கிடக்கும். ஆபத்து என்றால் மணலை வாரி மேலே போட்டுக்கொண்டு கண்களை மட்டும் நீட்டி வைத்திருக்கும். அந்த மீனைத் தரம் பிரிக்கும் மேசையில் பத்தொன்பது வருடம் நின்றவள் அவனுடைய அக்கா. அவனுக்கு அங்கே வேலை வாங்கிக் கொடுத்தவளும் அவள்தான்.

ஒரு திங்கட்கிழமை மேஸ்திரி செல்போனில் சிரித்துப் பேசிக்கொண்டே ஐஸ் அறைக் கதவைத் திறந்துபோட்டுவிட்டுப் போனான். மறுநாள் உள்ளே இருந்த மீன் எல்லாம் நாறிப்போயிருந்தது. மேஸ்திரி அக்காவைக் கைகாட்டினான். பெட்டி அடுக்குகிறவனுக்கு இடப்பக்கம்தான் கதவும் இருந்தது, அக்காவும் நின்றாள். முதலாளி கேட்டபோது, எல்லாவற்றையும் பார்த்திருந்த அவன், "நான் அந்தப் பக்கம் பாக்கவே இல்லைங்க" என்றான். அக்கா கையுறையைக் கழுவிக் காயப்போட்டுவிட்டு வீட்டுக்குப் போனாள். மறுநாள் காலை அவன் பல் துலக்கும்போது இடது கண் ஒரு நெல் அளவு நகர்ந்திருந்தது. வாய் சொன்ன பொய்யைக் காப்பாற்றக் கண் புறப்பட்டுவிட்டது.

அக்காவுக்குக் 'கதவைத் திறந்து போட்டவ' என்ற பெயர் நிலைத்தது. வேறு எந்தக் கொட்டகையிலும் அவளைச் சேர்க்கவில்லை. ஆஸ்பத்திரியில் படுக்கை விரிப்பு துவைக்கப் போனாள். அவள் முகத்தில் எப்படி விழிப்பது என்று அவன் வேலையை விட்டு, கூடத்தில் இடப்பக்கமாகப் படுத்தவன் நாலு வருடம் எழுந்திருக்கவில்லை. இடது கன்னம் சுண்ணாம்பாய் வெளுத்தது. வலப்பக்கத்தில் தரையின் கறுப்பு வெள்ளைக் கட்டங்கள் ஏறிவிட்டன. மனைவி துடைக்க வரும்போது, "எங்க இருக்கீங்க, கொஞ்சம் கண்ணைச் சிமிட்டுங்க" என்பாள். அவனுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல வெட்கமாக இருந்தது. நாக்கு என்னவோ வாய்க்குள் பத்திரமாகத்தான் இருந்தது.

ஐந்தாம் வருடம் ஒரு நாள், அக்கா கை முழுக்கச் சலவைச் சோடாவில் வெந்துபோயிருக்கிறது என்று மனைவி சொன்னாள். அவன் எழுந்து கொட்டகைக்குப் போனான். சாப்பாட்டு நேரம், எல்லாரும் இருந்தார்கள். "அன்னிக்கு நான் பாத்தேன். கதவைத் திறந்து போட்டது மேஸ்திரி. எங்க அக்கா இல்ல" என்றான். சுவரோரம் நின்றதில் சுவரின் நீலம் அவன் மேல் ஏறியிருந்தது. முதலாளி நாலாபக்கமும் பார்த்துவிட்டு, "யாருப்பா பேசுறது, முன்னால வா" என்றார். அந்த நாலு எட்டு வைக்க அவனுக்குக் கால் மணி நேரம் ஆனது. முன்னால் வந்து இன்னொரு முறை சொன்னான்.

அடுத்த வாரம் அக்கா மேசைக்குத் திரும்பினாள். அவனும் பழைய இடத்தில் பெட்டி அடுக்கினான். உண்மையைச் சொல்லியாயிற்றே, கண் திரும்பிவிடும் என்று நினைத்தான். மருத்துவர் மேலும் ஆறு மாதம் அளந்தார். அது அசையவில்லை, எந்த மீனுக்கும் திரும்பியதில்லை. ஒரு நாள் வெளுத்த கன்னத்தைக் காட்டியபடியே, "அக்கா, நீ நிக்கிற பக்கம் எனக்குத் தெரியல" என்றான்.

அவள் இரண்டு பெட்டி மீனைப் பிரித்து முடித்தாள். பிறகு மேசையைத் தரையோடு இழுத்துக்கொண்டு அவனைச் சுற்றி வலப்பக்கம் வந்தாள்.

"மன்னிச்சிட்டேன்னு நினைக்காத. இப்பத் தெரியுதா?"

"தெரியுதுக்கா."

"அப்பப் பாரு" என்றாள்.

மேசை இன்றும் அங்கேதான் கிடக்கிறது. புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் அவனிடம் பேச வேண்டுமென்றால் அந்தப் பக்கமாகவே சுற்றி வருகிறார்கள்.