ஆறாம் நாள், நான்கு மீட்டர்

என் மகளின் கணுக்காலில் இருந்த கட்டியை எடுத்துவிட்டு, தொடையிலிருந்து தோலெடுத்து அங்கே ஒட்டியிருந்தார்கள். மூன்றாம் நாள் அந்தத் தோலின் ஓரம் கறுக்கத் தொடங்கியது. அறுவை மருத்துவர் அதைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் பேசாமல் நின்றார். பேசாமல் இருப்பவர்களை எனக்குப் பிடிக்கும். அன்று பிடிக்கவில்லை.

"பத்து நாள் அழுத்த அறையில உக்காந்து ஆக்சிஜன் எடுக்கட்டும். ஒரு நாள்கூட விடக்கூடாது. தோல் பிடிச்சுக்கிட்டா சரி. இல்லேன்னா மறுபடியும் வெட்டி ஒட்டணும்" என்றார்.

அழுத்த அறை ஒரு பெரிய இரும்புப் பீப்பாய். உள்ளே நான்கு நாற்காலிகள், ஒரு நர்ஸ், ஒரு வட்டக் கண்ணாடி ஜன்னல். கதவைச் சாத்திக் காற்றை ஏற்றினால் கடலுக்குள் இறங்குவதுபோலக் காது அடைக்கும். எச்சில் விழுங்கினால் திறக்கும். ஏழு வயதுக்காரி தனியாக உட்காரமாட்டாள் என்று நாங்களே முடிவுசெய்தோம். மனைவிக்கு ஆறாம் மாதம். கர்ப்பிணிகளை உள்ளே விடுவதில்லை. நான் போனேன்.

ஆறாம் நாள் காலையில் எனக்குச் சளி பிடித்திருந்தது.

"மூக்கடைப்போட உள்ள போகக்கூடாது. சொல்லிடுங்க" என்றாள் மனைவி.

"சொன்னா விடமாட்டாங்க. அவ அழுவா. இன்னிக்குக் கணக்கு போச்சு."

"அவ அழுவாளா, நீங்க அழுவீங்களா?"

நான் செருப்பைத் தேடினேன்.

ஆபரேட்டர் பஸ் கண்டக்டர் மாதிரி பேசுபவர். "சளி, இருமல், காதுவலி யாருக்காவது? பாக்கெட்ல போன், தைலம்?" என்று கேட்டார். இல்லையென்று தலையாட்டினேன். ஆட்டியதில் மூக்கு ஒழுகியது.

கதவு மூடியது. "இறங்குறோம். ரெண்டு மீட்டர்" என்றது ஒலிபெருக்கி. அழுத்தத்தைக் கடலாழக் கணக்கில்தான் சொல்வார்கள். காது சரியாக இருந்தால் கட்டைவிரலைக் காட்ட வேண்டும். யாராவது கையைத் தூக்கினால் எல்லாருக்கும் நிறுத்தியாக வேண்டும். மூன்று மீட்டரில் என் இடது காதுக்குள் யாரோ ஆணியை வைத்தார்கள். கட்டைவிரலைக் காட்டினேன். நான்கில் அதைச் சுத்தியலால் அடித்தார்கள். இரண்டு கட்டைவிரல்களையும் காட்டினேன்.

மகள் என்னை உற்றுப் பார்த்துவிட்டுக் கையைத் தூக்கினாள்.

"நிறுத்துங்க" என்றார் நர்ஸ். "என்ன பாப்பா, காது வலிக்குதா?"

"எனக்கில்ல. அப்பாவுக்கு. பொய் சொல்றாரு."

எதிரே, ஆறாத கால்புண்ணோடு உட்கார்ந்திருந்த சர்க்கரை நோயாளி, "வந்ததுலேர்ந்து மூக்கை உறிஞ்சிக்கிட்டே இருந்தாரு. நான் ஏதோ குடும்பச் சோகம்னு நெனச்சேன்" என்றார்.

ஒலிபெருக்கி சற்று யோசித்தது. "சார், உங்களை மட்டும் பின்னால இருக்கற சின்ன அறைக்கு மாத்தி, அங்க காத்தை இறக்கி வெளிய எடுத்துடலாம். பாப்பா தனியா இருக்கேன்னு சொன்னா மத்தவங்க தொடரலாம். இல்லேன்னா எல்லாரையும் மேல கொண்டுவரணும். இன்னிக்கு அவ்வளவுதான்."

நான் அவள் கால்கட்டைப் பார்த்தேன். அவள் அழப்போகிறாள் என்று, ஆறுதல் சொல்ல வேண்டிய முகத்தைத் தயாராக வைத்துக்கொண்டேன்.

"இன்னிக்கு விட்டா மறுபடியும் வெட்டுவாங்களா?" என்று நர்ஸிடம் கேட்டாள்.

நர்ஸுக்குப் பொய் வரவில்லை. "வெட்டினாலும் வெட்டுவாங்கம்மா."

"அப்ப நீங்க போங்கப்பா" என்றாள். ஆக்சிஜன் முகமூடியை எடுத்துத் தானே மாட்டிக்கொண்டாள்.

வெளியே வந்து தொண்ணூறு நிமிடம் ஜன்னலோரம் நின்றேன். உள்ளே அவள் சர்க்கரை நோயாளியிடம் கைகளை ஆட்டி ஏதோ கதை சொல்லிக்கொண்டிருந்தாள். முகமூடிக்குள்ளிருந்து சொன்ன கதை அவருக்கு எவ்வளவு புரிந்ததோ, தலையை மட்டும் ஆட்டினார்.

"என்னைக் கேட்டாளா?" என்றேன் ஆபரேட்டரிடம்.

"இல்லையே. ஜன்னலை மறைக்காம கொஞ்சம் தள்ளி நிக்கச் சொன்னா."

தள்ளி நின்றேன்.