மாடிகளுக்கு நடுவில்

சனிக்கிழமை காலை பதினொன்றே கால். ஆலோசகர் திரைச்சீலையை இழுத்துவிட்டு, கணவனைச் சாய்வு நாற்காலியில் படுக்கச் சொன்னார். அவன் லிஃப்ட் மெக்கானிக். வேலை உடுப்பிலேயே வந்திருந்தான். முழங்கையில் கிரீஸ்.

மனைவி பள்ளி நூலகர்.

“நாள் முழுக்க சத்தம் போடாதீங்கன்னு பிள்ளைங்களை அதட்டறேன் மேடம். வீட்டுக்கு வந்தா அதைவிட அமைதி. வர்ற திங்கக்கிழமை அக்கா வீட்டுக்கே போயிடறேன்னு சொன்னேன். சரின்னார். ஏன்னு ஒரு வார்த்தை கேக்கல.”

பெட்டி கட்டியாகிவிட்டது. வேண்டாம் என்று இன்னும் யாரும் சொல்லவில்லை.

ஆலோசகர் அவளை உள்ளங்கைகளைத் தேய்க்கச் சொன்னார். சூடேறியதும் அவன் நெஞ்சுக்கு மேல், படாமல் பிடிக்கச் சொன்னார்.

“உங்க கை வழியா சக்தி போகும்.”

“எர்த் குடுத்திருக்கா மேடம்?” என்றான் அவன், கண்ணை மூடியபடி.

“இதுக்கு மட்டும் வாய் வந்திடும்” என்றாள். சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

“ஆழ்மனசுக்குள்ள போறோம். மூச்சை மெதுவா விடுங்க. எதிர்ல ஒரு படிக்கட்டு. ஒவ்வொரு படியா இறங்குங்க.”

நேரம் போயிற்று. அவன் மூச்சு நீண்டது.

“இறங்கிட்டீங்களா?”

“படி இல்ல. லிஃப்ட்தான் இருக்கு.”

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். ஆலோசகர் கண்ணாலேயே தடுத்தார்.

“சரி, அதுல ஏறுங்க.”

“முடியாது. ரெண்டு மாடிக்கு நடுவுல நிக்குது. உள்ள ஆள் மாட்டியிருக்கு.”

“யாரு?”

“இவதான்.”

அவள் கை அசையாமல் நின்றது.

“நீங்க என்ன பண்றீங்க?”

“வெளிய நிக்கிறேன். முதல்ல பேச்சுக் குடுக்கணும். ஸ்பேனர் எல்லாம் அப்புறம்தான். உள்ள இருக்கறவங்க பயந்துடக் கூடாது. எதையாவது கேட்டுக்கிட்டே இருக்கணும்.”

“யாரு எவருன்னு தெரியாதவங்ககிட்ட எல்லாம் கேப்பாராம்” என்று முணுமுணுத்தாள். குரலில் கோபம் இல்லை.

“இவங்ககிட்ட என்ன கேட்டீங்க?”

அவன் புருவம் சுருங்கியது.

“கேக்கல. சீக்கிரம் திறந்துட்டா போதும்னு வேலையைப் பாத்துக்கிட்டிருந்தேன்.”

“இப்ப கேளுங்க.”

அவள் கை தாழ்ந்தது. அவன் சட்டைப் பொத்தானில் பட்டு, அங்கேயே தங்கியது. படக் கூடாது என்று ஆலோசகர் இப்போது தடுக்கவில்லை.

அவன் கண்ணைத் திறக்காமல், உதட்டை ஈரப்படுத்திக்கொண்டான்.

“உள்ள காத்து வருதாம்மா?”