நேற்று நாலு மணிக்கே வந்த தகவல்

பூட்டு உடையவில்லை, ஷட்டரும் நெளியவில்லை. எம்பிராய்டரி மெஷின் மட்டும் காணோம். தையல்கடைக்காரி மூலை முடுக்கெல்லாம் தேடிப் பார்த்துவிட்டாள். சாவி மூன்று பேரிடம்தான் இருந்தது: அவள், அவள் வீட்டுக்காரர், கட்டிங் மாஸ்டர். கட்டியவரைச் சந்தேகப்பட முடியுமா? மிச்சம் ஒருவர்தானே.

மாஸ்டர் பன்னிரண்டு வருடமாக அங்கே கத்தரி பிடிக்கிறவர். ஒரு பித்தானைக்கூட வீட்டுக்குக் கொண்டுபோனதில்லை. ஆனால் சந்தேகம் புகுந்த கண்ணுக்கு எல்லாமே துப்புதான். இன்றைக்கு ஏன் தாமதம்? ஏன் இப்படி வியர்க்கிறது?

"சாவியைக் கொடுத்துட்டுப் போங்க மாஸ்டர்."

மனிதர் சாவியையும் கழுத்தில் கிடந்த டேப்பையும் மேஜைமேல் வைத்துவிட்டு இறங்கிப் போனார். டேப்பை ஏன் வைத்தார் என்று அதையும் சந்தேகப்பட்டாள்.

வீட்டுக்காரர் பக்கத்தில் நின்று உச்சுக்கொட்டினார். அவர் எதிலும் முந்திக்கொள்ளும் பிறவி. பத்து மணி பஸ்ஸுக்கு எட்டு மணிக்கே போய் நிற்பார். கல்யாணத்துக்குப் போனால் நாற்காலி போட வருகிறவர்களுக்கு இவர்தான் கதவைத் திறந்துவிடுவார். திருட்டுப் போனால் இருபத்துநாலு மணி நேரத்துக்குள் இன்ஷூரன்ஸில் சொல்ல வேண்டும் என்று ஏஜென்ட் சொன்னதைச் சுவரில் எழுதி ஒட்டியதும் அவர்தான். அப்பேர்ப்பட்டவர் இன்று மட்டும், அதையெல்லாம் தான் பார்த்துக்கொள்வதாகவும் அவள் ஃபோன் செய்ய வேண்டாமென்றும் சொன்னார். அவளுக்கு ஏதோ உறுத்தியது. உடனே ஃபோனை எடுத்தாள்.

மறுமுனையில் ஒரு பெண் பாலிசி எண்ணைக் கேட்டு வாங்கிக்கொண்டு, கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்தாள்.

"இது ஏற்கெனவே பதிவாகியிருக்கே மேடம். எம்பிராய்டரி மெஷின் திருட்டு. நேத்து சாயங்காலம் நாலு மணிக்கு உங்க கணவர் சொல்லியிருக்கார்."

நேற்று நாலு மணிக்கு அவள் அதே மெஷினில் ஒரு காலருக்குப் பூ போட்டுக்கொண்டிருந்தாள். கடையைப் பூட்டும்போது மணி எட்டு.

திரும்பிப் பார்த்தாள். வீட்டுக்காரரின் முகத்தில் ஈயாடவில்லை. மெஷின் சிநேகிதர் ஒருவரின் கிடங்கில் பத்திரமாக இருக்கிறது, இழப்பீடு வந்ததும் புதிதாக வாங்கலாம் என்றுதான் நினைத்தேன் என்று முணுமுணுத்தார்.

"எப்போ திருட்டுப் போச்சு மேடம்?" என்றாள் அந்தப் பெண்.

ராத்திரி என்று ஏதாவது ஒரு நேரத்தைச் சொன்னால் மாஸ்டர் திருடராவார். உண்மையைச் சொன்னால் இவர். அவளுக்கு இருவர்மேலும் வராத கோபம் தன்மேல் வந்தது.

"திருட்டே போகலைம்மா. அதை ரத்து பண்ணிடுங்க."

மெஷின் மதியத்துக்குள் வந்துவிட்டது. அதிலும் அவர் முந்திக்கொண்டார்.

சாவியையும் டேப்பையும் எடுத்துக்கொண்டு அவள் மாஸ்டர் வீட்டுக்குப் போனாள். நடந்ததை ஒளிக்காமல் சொல்லி, மன்னிப்பும் கேட்டாள். அவர் டேப்பை வாங்கிக் கழுத்தில் போட்டுக்கொண்டார். சாவியைத் தொடவில்லை.

"வேலைக்கு வர்றேம்மா. தினமும் நீங்க கடையைத் திறந்து, எல்லாம் இருக்கான்னு பார்த்துட்டுக் கூப்பிடுங்க. அதுக்கப்புறம் உள்ள வர்றேன்."