சொன்ன பேச்சைக் கேட்ட கை

தங்கை வாயைத் திறந்தபோது முன்பல் இரண்டும் இல்லை. துணியில் முடிந்து கொண்டுவந்திருந்தாள். ஒட்டவைக்கலாம் என்று நினைத்தாளாம், பைத்தியக்காரி.

"உன் தலையெழுத்துடி," என்றாள் அம்மா. சொல்லிக்கொண்டே அவள் துணிமணிகளை மறுபடி பைக்குள் திணித்தாள். மாப்பிள்ளை கூப்பிட வந்துவிட்டாரே, அனுப்பியாக வேண்டுமே!

அந்த மாப்பிள்ளை மேஜையில் கையை விரித்துவைத்து அழுதான். "வேணும்னா அடிச்சேன் அக்கா? கோபம் வந்துட்டா கை என் பேச்சைக் கேக்க மாட்டேங்குது."

மாமா தலையாட்டினார். "இவங்கப்பனுக்கும் இதே கைதான். ரத்தத்துல வந்தது. இவன் என்ன பண்ணுவான்?"

எங்கள் குடும்பத்தில் யாரும் எதையும் செய்வதில்லை. எல்லாம் நடந்துவிடும். பல் தானாக விழும், எலும்பு தானாக முறியும்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவன் கறி வெட்டும் கடைக்கு எதிரில்தான் நான் மீன் வெட்டுகிறேன். அன்று காலையில், கறியில் கொழுப்பை விட்டுவிட்டான் என்று, அத்தனை பேர் பார்க்க அவன் முதலாளி ஈரத்துண்டால் முகத்தில் பளார் பளாரென்று விளாசினார். அவன் கையில் கத்தி இருந்தது. "சரிங்க முதலாளி," என்று கொழுப்பை மட்டும் சீவி எடுத்தான். அந்தக் கோபத்தைத்தான் வீட்டுக்குப் போய் இவள் வாயில் இறக்கியிருக்கிறான்.

அம்மா பையைத் தங்கையின் கையில் கொடுத்து வாசல் பக்கம் தள்ளினாள்.

"அக்கா," என்றாள் தங்கை. "இந்தத் தடவை கொன்னுடுவான்."

என் கத்தி கூடையில் இருந்தது. எடுத்தேன். மேஜைமேல் கிடந்த அவன் கையைப் பார்த்து ஓங்கி இறக்கினேன். சத்தியமாகச் சொல்கிறேன், வெட்டத்தான் இறக்கினேன்.

மேஜைப் பலகையில் கத்தி பாதி புதைந்தது. அதற்குள் கையை இழுத்து மார்போடு ஒட்டிக்கொண்டிருந்தான். சுண்டுவிரல் தோல் மட்டும் கத்தியோடு நின்றுவிட்டது. சட்டையெல்லாம் ரத்தம்.

"அடிப்பாவி! என்னடி பண்ணிட்ட?" அம்மா அலறினாள்.

"நானா? என் கை தானா போயிடுச்சும்மா. மாப்பிள்ளை தலையெழுத்து." கத்தியைப் பிடுங்கினேன். "ஆனா அவர் கையைப் பாருங்க மாமா, என்ன சமத்து! சொன்ன பேச்சை எப்படிக் கேக்குது!"

மாமா தன் கையை மேஜையிலிருந்து எடுத்துக்கொண்டார்.

தங்கை பையைக் கீழே போட்டாள். அம்மா அதை எடுக்கக் குனிந்தாள். பளீரென்று அவள் கையைத் தட்டிவிட்டாள் தங்கை.

"வேணும்னுதான் தட்டினேன்," என்றாள், பல்லில்லாத வாயால்.