புள்ளிக்கு எடுத்த டிக்கட்

லண்டனில் இருக்கிற தம்பி நல்லரத்தினம் காசு கொடுத்து விமானம் ஏறுவதே இல்லை என்பதில் சீதேவிப்பிள்ளைக்கு ஒரு காலம் பெரும் பெருமை இருந்தது. கொக்கட்டிச்சோலையில் யாரைக் கண்டாலும் சொல்லுவாள். தம்பி அரிசி வாங்கினாலும் பெற்றோல் அடித்தாலும் கிரெடிட் கார்டைத்தான் நீட்டுவான். கார்டுக்காரன் அதற்குப் புள்ளி போடுவான். புள்ளி சேர்ந்தால் விமானக் கொம்பனி சும்மா ஏற்றிக்கொண்டு போகும். பெண்டாட்டி, மூன்று பிள்ளைகள், அவன் என்று ஐந்து பேரும் அப்படியே சிங்கப்பூர் பார்த்தார்கள், துபாய் பார்த்தார்கள், வருஷம் தவறாமல் சென்னைக்கு வந்து பட்டுச்சேலை அள்ளினார்கள். ஊர்ப்பக்கம் மட்டும் எட்டிப் பார்க்கவில்லை. சண்டை நடக்கிற இடத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு எப்படி வருவான் என்று அவளே அவனுக்காக வாதாடுவாள்.

இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு ஆனி மாதம் ஊரில் இயக்கத்துக்காரர் சண்டைக்கென்று மறுபடியும் வீட்டுக்கு ஒரு பிள்ளை கேட்கத் தொடங்கினார்கள். கேட்டார்கள் என்பது மரியாதைக்குச் சொல்லுகிற பேச்சு. புருஷனைப் பறிகொடுத்த சீதேவிப்பிள்ளைக்கு இருந்ததே ஒரு பிள்ளை, பதினேழு வயது அன்னப்பூரணி. கொழும்பில் ஒரு ஏஜென்டைப் பிடித்துப் பாஸ்போர்ட்டும் இந்திய விசாவும் எடுத்தாயிற்று. சென்னையில் நல்லரத்தினத்தின் மச்சினி வீட்டில் தங்கிப் படிப்பதாகப் பேச்சு. டிக்கட் ஒன்றுதான் பாக்கி.

மண்முனைத் துறையில் வாவியைக் கடந்து, அக்கரையில் ஆமிச் சென்றியில் பையைக் கொட்டிக் காட்டி, காத்தான்குடியில் வெளிநாட்டுக்குப் போன் பேசுகிற அப்துல் கபூரின் கொமினிகேசன் கடைக்குப் போய்த் தம்பியை அழைத்தாள்.

"பூரணிட டிக்கட் என்ட பொறுப்பு அக்கா. ஆனா இப்பதான் கொம்பனி மாத்தினன். பழையவன்ட புள்ளி மூணு வருஷத்தில செத்துப்போகும். புதியவன் குடும்பத்துப் புள்ளி முழுக்க ஒரே கணக்கில சேக்க விடுறான். அவன்ட கார்டுக்கு வருஷத்தில ஒரு டிக்கட் சும்மாவும் குடுப்பான். ஆறு மாசமா எல்லாத்தையும் ஒப்பிட்டுப் பாத்துத்தான் எடுத்தன்."

"அப்ப இந்தக் கிழமையே அனுப்பலாம்தானே?"

"அதிலதான் சின்னச் சிக்கல். குடும்பமெண்டா அவனுக்குப் பெண்டாட்டி புள்ளயள், ஒரே விலாசத்தில இரிக்கிற ஆக்கள். மத்த ஆக்கள்ட பேரப் பதிஞ்சு முப்பது நாள் போனாத்தான் புள்ளிக்கு டிக்கட் தருவான்."

சீதேவிப்பிள்ளைக்கு இது தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. மட்டக்களப்பில் குடி என்கிற குலப்பிரிவு தாய்வழியாக வருவது. பூரணி எந்தக் குடியோ அதே குடிதான் மாமன் நல்லரத்தினம். கோயில் திருவிழாவில் குடியின் பேரைக் கூப்பிட்டால் அவனோடு சேர்ந்து நிற்கிற உரிமை அக்கா மகளுக்கு. அவன் பெற்ற மூன்றும் பெண்டாட்டியின் குடி. கொம்பனிக்காரன் இதைத் தலைகீழாக எழுதி வைத்திருக்கிறான், இவனும் அதை வாசித்து ஓம் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறான்.

"காசுக்கு எடுத்தா உடன கிடைக்காதா தம்பி?"

"நாளைக்கே கிடைக்கும். ஆனா அது மடத்தனம் அக்கா. கார்டில இருந்து மாத்தின தொண்ணூறாயிரம் புள்ளி சும்மா கிடக்கக்குள்ள ஆராவது காசக் கொட்டுவாங்களா? முப்பது நாள்தானே."

அதற்கு மேல் கேட்க அவளுக்கு வாய் கூசியது.

அடுத்த கிழமை, பேர் பதிந்த எட்டாம் நாள், கந்தப்போடி வந்தார். இறந்துபோன புருஷனின் தமையன், வாழைச்சேனையில் கடை வைத்திருக்கிறார். உட்காரக்கூட இல்லை.

"புள்ளைக்கு ஆஸ்பத்திரித் துண்டு எடுத்து வந்திரிக்கன். இயக்கத்துக்கு அதக் காட்டித் துறையக் கடத்திரலாம். விடிய என்ட லொறி கொழும்புக்குப் போகுது. டிக்கட்ட நான் காசு குடுத்து எடுக்கிறன். அனுப்பு."

சீதேவிப்பிள்ளை கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பூரணி பெரியபிள்ளையானபோது லண்டன் மாமனின் சேலை வந்து சேரும்வரை சடங்கையே தள்ளி வைத்தவள் அவள். மாமன் செய்ய வேண்டியதைத் தகப்பன் பக்கத்தார் செய்தால் தம்பியைக் கையாலாகாதவன் என்று ஊர் சொல்லும்.

"மாமன் இரிக்கக்குள்ள நீங்க அனுப்பினா தம்பிட முகத்தில நான் எப்பிடி முழிக்கிற அத்தான்? அவன் பேர் பதிஞ்சிட்டான். இன்னும் இருபத்திரண்டு நாள்தான்."

"புள்ளயப் பாரு. தம்பிட முகத்தப் பிறகு பாக்கலாம்."

கொடுத்த தேத்தண்ணியைத் தொடாமலே கந்தப்போடி போய்விட்டார். உள்ளேயிருந்து பூரணி கேட்டாள்: "அம்மா, நான் பெரியப்பாவோட போகட்டா?"

"மாமா எடுத்துத் தருவார். பொறு."

பிள்ளை பொறுத்தாள். பையை அடுக்கிக் கட்டிலில் வைத்துக்கொண்டு நாளை எண்ணினாள். பதிந்ததிலிருந்து இருபத்தோராம் நாள் மத்தியானம், தாய் வட்டை வயலில் அறுவடைக்கு நின்ற நேரம் பார்த்து வந்து கொண்டுபோய்விட்டார்கள். பக்கத்து வீட்டுப் புஸ்பம் ஓடிவந்து சொன்னாள். சீதேவிப்பிள்ளை வீட்டுக்கு வந்தபோது பை கட்டிலிலேயே இருந்தது. பாஸ்போர்ட்டும் அதற்குள் பத்திரமாக இருந்தது. இயக்க முகாம் வாசலில் நான்கு நாள் கிடந்து கத்தினாள். பிள்ளையின் முகத்தைக்கூடக் காட்டவில்லை.

ஷெல்லடியில் துறையும் மூடிக் கிடந்ததால் முப்பத்திரண்டாம் நாள்தான் அவளால் காத்தான்குடிக்குப் போக முடிந்தது. அவளைக் கண்டதும் அப்துல் கபூர் முகம் மலர்ந்து மேசை லாச்சியைத் திறந்தார்.

"தம்பி ஈமெயில்ல அனுப்பின டிக்கட், தங்கச்சி. அச்சடிச்சு வெச்சிரிக்கன். வெள்ளிக்கிழமை பிளைட்."

அன்னப்பூரணியின் பேர் கொட்டை எழுத்தில் பிழையில்லாமல் இருந்தது. அவள் அதைக் கையில் வாங்காமல் தம்பியை அழைத்துத் தரச் சொன்னாள். நடந்ததை ஒரு மூச்சில் சொன்னாள். நல்லரத்தினம் அழுதான். பொய் சொல்லக்கூடாது, உண்மையாகவே விம்மி விம்மி அழுதான். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னான்:

"அக்கா, நீ டிக்கட்ட நினைச்சு யோசிக்காத. இன்னைக்கே ரத்துச் செய்தா புள்ளி முழுக்கத் திரும்பி வந்திரும். ஒண்டும் நட்டமில்ல."

ஆறுதல் சொல்லுவதாகத்தான் அவன் நினைத்தான். சீதேவிப்பிள்ளைக்குத் தம்பி மேல் வந்த கோபத்தைவிடத் தன் மேல் வந்த கோபம் பெரிது.

"கந்தப்போடி அத்தான் காசு குடுத்து எடுக்கிறன் எண்டு வாசலில வந்து நிண்டவர் தம்பி. நான்தான் வேணாமெண்டன். உனக்கு மரியாத போயிரும் எண்டு."

தம்பி ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவள் விடவில்லை.

"உன்ட புள்ளியும் போகல்ல. மரியாதையும் போகல்ல. என்ட மகள்தான் போயிட்டாள்."

போனை வைத்துவிட்டு அவள் துறைப்பக்கம் நடந்தாள். அப்துல் கபூர் டிக்கட்டைக் கையில் பிடித்தபடி கடை வாசல்வரை வந்தவர், அதைக் கொடுப்பதா வைத்திருப்பதா என்று தெரியாமல் நின்றார்.